மூணாவது ஆல்டர்னேட்டரும் போச்சா? நாலாவத மாட்டுறதுக்கு முன்னாடி

என் கார் இருபது வருஷப் பழசு. 14 மாசத்துல மூணு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான்) போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான், டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட் மங்கலா எரிய ஆரம்பிக்கும், ரெண்டு மூணு நாள்ல நல்லாவே எரியும், அப்புறம் ஒரு காலைல செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்கிட்ட கெடச்ச பதிலும் ஒண்ணுதான், "பீஸ் சரியில்லைங்க, வேற போட்டுடலாம்". மூணாவது போனப்ப பழசத் திருப்பிக் குடுக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ஏற்கனவே மூலைல கெடந்த ரெண்டாவதையும் பக்கத்துல வச்சு ரெண்டையும் பிரிச்சேன். ரெண்டுலயும் ஒரு டையோடு (கரண்ட ஒரு திசைல மட்டும் விடுற பார்ட்) நேரா ஷார்ட் ஆகியிருந்துச்சு, பேரிங் நல்லாருக்கு, கார்பன் பிரஷ் பாதி கூட தேயல. பீஸ் மட்டமா இருந்து போனா ஒண்ணு இங்க போகும் இன்னொண்ணு அங்க போகும், இப்படி அச்சுல வார்த்த மாதிரி போகாது, வெளிய இருந்து ஏதோ ஒண்ணு வந்து அடிச்சிருக்குன்னு அப்பதான் பொறி தட்டுச்சு.

அது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துடலாம், இல்லன்னா பின்னாடி மல்டிமீட்டர்ல அளக்கிறப்ப வர்ற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. நடுவுல சுத்துறது ரோட்டர், நிறைய பேர் ஆர்மேச்சர்னு சொல்லுவாங்க. அதுல இருக்கிற காயிலுக்கு ரெண்டு கார்பன் பிரஷ் வழியா மூணு நாலு ஆம்பியர் மட்டும் போகுது, அதுல காந்தமாகி அது சுத்தும்போது சுத்தியிருக்கிற ஸ்டேட்டர்ல மூணு வைண்டிங்லயும் ஏசி கரண்ட் பிறக்குது, அத ஆறு டையோடு சேர்ந்து டிசி ஆக்கி பேட்டரிக்கு அனுப்புது. ரோட்டருக்குப் போற அந்த சின்ன கரண்ட்டக் கூட்டிக் குறைச்சு வெளிய வர்ற வோல்ட்டேஜ 14.2 பக்கத்துல பிடிச்சு வைக்கிறது ரெகுலேட்டர். பழைய ஆளுங்க இத இன்னும் கட்அவுட்னு சொல்லுவாங்க, மொத்த சாமானையே டைனமோன்னுதான் கூப்பிடுவாங்க, அந்தக் காலப் பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. 1960 மாடல் கிரைஸ்லர் வேலியன்ட்ல ஆல்டர்னேட்டர் ஸ்டாண்டர்டா வந்துச்சு, அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷத்துல டைனமோ கிட்டத்தட்ட ஒழிஞ்சே போச்சு.

இதுல முக்கியமா மனசுல வச்சுக்க வேண்டியது, எவ்வளவு ஆம்பியர் குடுக்கணும்னு ஆல்டர்னேட்டர் முடிவு பண்றதில்ல. அது வோல்ட்டேஜ மட்டும்தான் பிடிச்சு வைக்கும், ஆம்பியர கேக்குறது பேட்டரியும் லைட்டும் ஃபேனும்தான், கேட்டா அது தன்னால முடிஞ்ச வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கும், சூடாகுதேன்னு நிறுத்தத் தெரியாது, பழைய கார்கள்ல அதக் காப்பாத்துறதுக்கு இருக்கிறது புல்லியோட சுத்துற ஒரு ஃபேன் மட்டும்தான். அதனால ஒரே கார்ல திரும்பத் திரும்ப ஆல்டர்னேட்டர் போகுதுன்னா கேள்வியக் கொஞ்சம் திருப்பிப் போடணும்: அதுகிட்ட யாரு இவ்வளவு கேக்குறா, கேட்டது போற வழி ஒழுங்கா இருக்கா, போன கரண்ட் திரும்பி வர்ற வழி ஒழுங்கா இருக்கா.

இதுக்கு முதல் சாட்சி செத்துப்போன ஆல்டர்னேட்டரேதான், அதத்தான் முதல் வேலையா கைவிட்டுடறோம். பின்பக்க கவரக் கழட்டி டார்ச் அடிச்சாலே பாதி தெரியும். மூணு வைண்டிங்கும் ஒரே மாதிரி கறுத்து வார்னிஷ் பொசுங்கின வாசனை அடிச்சா அது ரொம்ப நாள் முழு லோடுல ஓடி வெந்திருக்கு. ஒரு பக்க வைண்டிங் மட்டும் கறுத்து மத்தது செம்பு நிறத்துல பளிச்சுன்னு இருந்தா டையோடு முதல்ல ஷார்ட் ஆகி அதுக்கப்புறம் அது வைண்டிங்க இழுத்துட்டுப் போயிருக்கு. வைண்டிங் சுத்தமா இருந்து டையோடோ ரெகுலேட்டரோ மட்டும் போயிருந்தா வோல்ட்டேஜ் ஸ்பைக் (ஒரு கணம் வோல்ட்டேஜ் எக்கச்சக்கமா எகிறுறது) மேல சந்தேகப்படணும். முன் பேரிங் கரகரன்னா பெல்ட் பக்கம் பாக்கணும். உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி கார்பன் தூள் சேறு மாதிரி ஆகியிருந்தா ஆல்டர்னேட்டர விடுங்க, எண்ணெய் எங்க இருந்து சொட்டுதுன்னு மேல பாருங்க, வால்வ் கவர் கேஸ்கட்டா, பவர் ஸ்டீயரிங் ஹோஸான்னு. சில டீசல் வண்டிகள்ல பிரேக்குக்கான வேக்கும் பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடியே மாட்டியிருக்கும், அந்த சீல் போனா இன்ஜின் ஆயில் நேரா உள்ளயே வரும், அத மாத்தாம எத்தனை ஆல்டர்னேட்டர் போட்டாலும் எண்ணெயில ஊறித்தான் சாகும்.

ஆல்டர்னேட்டர் வெந்து செத்திருந்தா நான் முதல்ல கை வைக்கிறது பேட்டரி மேலதான். 12 வோல்ட் பேட்டரில ஆறு செல், முழு சார்ஜ்ல செல்லுக்கு 2.1, மொத்தம் 12.6 வோல்ட். பழைய பேட்டரில ஒரு செல் ஷார்ட் ஆச்சுன்னா மிச்சம் அஞ்சு செல், 10.5தான். ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு 14.2 வோல்ட்ட அனுப்பும். ஆறு செல்லுக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 2.37 வந்திருக்கும், அஞ்சா பிரியும்போது 2.84 ஆகிடுது, அந்த அளவுக்குப் போனா செல் சார்ஜ் ஆகி முடிஞ்சும் கரண்ட் இழுக்கிறத நிறுத்தாது, உள்ள இருக்கிற தண்ணி பிரிஞ்சு காத்தாப் போயிட்டே இருக்கும். ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துற கதைதான், எவ்வளவு ஊத்தினாலும் நிறையப் போறதில்ல. அந்தப் பக்கம் ஆல்டர்னேட்டர் கார் ஓடுற நேரம் பூரா மூச்சு வாங்கிட்டு நிக்கும்.

செல் நல்லா இருந்து பேட்டரி வெறுமனே காலியா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான். காலி பேட்டரிய ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி "ஒரு மணி நேரம் ஓட்டுங்க, தானா சார்ஜ் ஆகிடும்"னு சொல்றாங்க பாருங்க, அந்த ஒரு மணி நேரம் ஆல்டர்னேட்டருக்கு எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 50 ஆம்பியர் 14 வோல்ட்ல போனா 700 வாட். இந்த வகை ஆல்டர்னேட்டரோட எஃபிஷியன்சி 55, 60 சதவீதம்தான், அப்படின்னா 700 வாட் வெளிய வரும்போது 500 வாட் கிட்ட அந்த சின்னப் பெட்டிக்குள்ளயே சூடா நிக்குது, கிட்டத்தட்ட ஒரு அயர்ன் பாக்ஸ். ஆல்டர்னேட்டர் இருக்கிறது பேட்டரியோட நிலைமைய அப்படியே பிடிச்சு வைக்கத்தான், செத்த பேட்டரிய எழுப்ப இல்ல, அதுக்கு சார்ஜர் இருக்கு. புது ஆல்டர்னேட்டர் மாட்டுற அன்னைக்கு பேட்டரிய ராத்திரி பூரா சார்ஜர்ல போட்டு நிறைச்சுட்டுத்தான் மாட்டணும், பழைய ஆல்டர்னேட்டர் சாகும்போது பேட்டரியையும் காலி பண்ணிட்டுத்தான் போயிருக்கும், அந்தக் காலி பேட்டரிய அப்படியே புதுசு தலைல கட்டினா முதல் நாளே அதோட ஆயுசுல ஒரு பங்கு போயிடுது.

லோடு கணக்கும் இதோட சேர்த்தியே பாக்கணும். அந்தக் காலத்து சின்ன கார்கள்ல 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சாதாரணம். ஹெட்லைட் ரெண்டும் 55 வாட், அதுக்கு 8 ஆம்பியர், இக்னிஷன் ஃப்யூவல் பம்ப் வகையறாவுக்கு ஒரு 10, ரேடியேட்டர் ஃபேன் ஓடினா 10ல இருந்து 15, ப்ளோவர் ஃபுல்ல வச்சா இன்னொரு 10, 15, இதுவே 45ஐத் தொட்டுடுது. ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் அதோட முழு அளவுல பாதி குடுத்தாலே பெருசு. இதுக்கு மேல 100 வாட் பல்பு, பெரிய ஆம்ப்ளிஃபயர்னு யாராவது மாட்டி வச்சிருந்தா கணக்கு எந்தப் பக்கமும் டேலி ஆகாது. கார் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இருந்த ஓனர் என்னென்ன வயர் இழுத்து வச்சிருக்கார்னு ஒரு நாள் உக்காந்து பாத்துடுங்க.

பெல்ட்டப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. லூசா இருந்தா கீச்சுன்னு கத்தும், வழுக்கி புல்லி சூடாகி அந்த சூடு ஷாஃப்ட் வழியா பேரிங்குக்குப் போகும். கத்துதேன்னு கண்ணை மூடிக்கிட்டு இறுக்கினா முன் பேரிங் சீக்கிரம் போகும். புல்லி மத்த புல்லிகளோட ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு ஒரு ஸ்கேல் வச்சுப் பாத்தாப் போதும். அப்புறம் எக்ஸாஸ்ட் பக்கத்துல ஆல்டர்னேட்டர் இருக்கிற வண்டிகள்ல நடுவுல ஒரு தகடு இருக்கும், வேற ஏதோ வேலைக்குக் கழட்டினவங்க அதத் திரும்ப மாட்டியிருக்க மாட்டாங்க, அதையும் தேடிப் பாருங்க.

இப்ப வயரிங். பழைய கார்ல அதிகமா தப்பிச்சுப் போற குற்றவாளி இதுதான். ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்குப் போற தடி வயர் ஒண்ணு, திரும்பி வர்ற வழி எர்த். ஆல்டர்னேட்டருக்குத் தனியா எர்த் வயர் பெரும்பாலும் இருக்காது, அதோட பாடி பிராக்கெட் வழியா இன்ஜினத் தொட்டு, இன்ஜின்ல இருந்து கம்பி இழைகளால பின்னின ஒரு பட்டை (பின்னல் பட்டை) வழியா கார் பாடிக்கோ பேட்டரி மைனஸுக்கோ போகுது. இருபது வருஷத்துல இந்த ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் துருவும் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். இத மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, கணக்க பாருங்க, 40 ஆம்பியர் போகும்போது 0.9 வோல்ட் முழுங்குற ஒரு ஜாயிண்ட்டோட ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம் சொச்சம்தான், சாதாரண மீட்டரோட ப்ரோப் வயருக்கே அதவிட அதிகமா ரெசிஸ்டன்ஸ் இருக்கும். மீட்டர் பீப்னு கத்தி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிடும், ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப்னுதான் கத்தும்.

சரியான வழி வோல்ட்டேஜ் டிராப், அதாவது கரண்ட் போகும்போது வழில எவ்வளவு வோல்ட் குறையுதுன்னு பாக்குறது. இன்ஜின 2000 ஆர்பிஎம்ல வச்சு ஹெட்லைட், ப்ளோவர் எல்லாம் போட்டு, மீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய ஆல்டர்னேட்டரோட பெரிய பிளஸ் போல்ட்டுலயும் இன்னொண்ண பேட்டரி பிளஸ்லயும் வைங்க, 0.2க்குள்ள இருக்கணும். அப்புறம் ஆல்டர்னேட்டர் பாடில ஒண்ணு, பேட்டரி மைனஸ்ல ஒண்ணு, அதுவும் 0.2க்குள்ள, 0.1க்குள்ள இருந்தா இன்னும் நிம்மதி. பேட்டரில கிளாம்ப் மேல வைக்காதீங்க, நடுவுல இருக்கிற ஈயக் குமிழ் மேலயே வைங்க, அப்பதான் கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவுல இருக்கிற கோளாறும் சேர்ந்து கணக்குல வரும். ஒரு எச்சரிக்கை, அந்தப் பெரிய பிளஸ் போல்ட்ல இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், ஸ்பேனர் பாடில பட்டா பொறி பறக்கும், கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ எடுத்துடுங்க.

டையோட காரிலயே வச்சுப் பாக்கணும்னா மீட்டர ஏசி வோல்ட்ல போட்டு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி ரெண்டு முனைலயும் வைங்க, 0.1க்குள்ள இருந்தா நல்லது, 0.5ஐத் தாண்டினா டையோடு ஏதோ போயிருக்கு. இதுலயும் ஒரு குழப்பம் இருக்கு, மலிவான சில மீட்டர் டிசியையே ஏசின்னு நெனச்சு 26, 28ன்னு காட்டும், அதனால முதல்ல இன்ஜின் ஆஃப்ல வச்சுப் பாருங்க, அப்ப பூஜ்யம் காட்டலன்னா அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. மீட்டரே இல்லன்னா, கார் பல மணி நேரம் சும்மா நின்னப்புறம் ஆல்டர்னேட்டரத் தொட்டுப் பாருங்க, இளஞ்சூடா இருந்தா டையோடு வழியா பேட்டரி பின்பக்கமா வடிஞ்சுட்டு இருக்கு.

டேஷ்போர்டு லைட்டும் பேசும், கவனிச்சாத் தெரியும். மங்கலா எரிஞ்சா பெரும்பாலும் டையோடு பக்கம், முழுசா எரிஞ்சா சார்ஜே இல்ல. சாவி போட்டதும் எரியவே இல்லன்னா பல்பே போயிருக்கலாம். நிறைய பழைய கார்ல அந்த பல்பு வழியாப் போற சின்ன கரண்ட்தான் ரோட்டர முதல்ல காந்தமாக்குது, பல்பு போனா இல்ல அதுக்குப் பதிலா யாராவது எல்ஈடி போட்டுட்டா ஆல்டர்னேட்டர் தூங்கிட்டே இருக்கும், ஆக்சிலேட்டர நல்லா மிதிச்சாத்தான் எழும். இதுக்காக நல்ல ஆல்டர்னேட்டரக் கழட்டித் தூக்கிப் போட்டவங்க உண்டு, மனசு வலிக்குது.

இனி என் கார்ல நடந்தது. டையோடு ஷார்ட், வைண்டிங் சுத்தம், அப்படின்னா ஸ்பைக். ஸ்பைக் எப்படி வரும்னா, ஆல்டர்னேட்டர் நிறைய கரண்ட் குடுத்துட்டு இருக்கும்போது பேட்டரி தொடர்பு சட்டுன்னு அறுந்தா, ரோட்டரோட காந்தம் உடனே அடங்காது, ரெகுலேட்டர் குறைக்கிறதுக்குள்ள ஒரு நொடில பாதிக்கும் கம்மியான நேரத்துல வோல்ட்டேஜ் 80, 100 வரைக்கும் கூட எகிறும். இதனாலதான் இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலக் கழட்டி "வண்டி நிக்குதான்னு பாக்கலாம்"னு டெஸ்ட் பண்றத நான் யாரையும் பண்ண விடமாட்டேன், டைனமோ காலத்துல அது பெருசா எதையும் கெடுக்கல, அதுல டையோடே கிடையாது, இப்ப டையோடு, ரெகுலேட்டர், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ எல்லாத்தையும் ஒரே அடில கொண்டுபோகும். ஆனா என் பேட்டரி டெர்மினல் இறுக்கமாத்தான் இருந்துச்சு, கார நிறுத்தி வச்சு இன்ஜின மட்டும் ஓடவிட்டு டிராப் பாத்தா எர்த் பக்கம் 0.15, பாஸ்.

அப்பதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு, பல மாசமா ராத்திரில முதல் கியர்ல கிளட்ச் விடும்போது ஹெட்லைட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டும், நானும் பழைய காருன்னு விட்டுட்டேன். மீட்டர் வயர நீட்டிக் கட்டி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வச்சுட்டு, காருக்கு முன்னாடி பின்னாடி யாரும் இல்லாமப் பாத்து, உள்ள ஒருத்தர உக்கார வச்சு, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் பிடிச்சுட்டு கியர் போட்டு கிளட்ச்ச லேசா விடச் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கமா தூக்கிச்சு, மீட்டர் 0.15ல இருந்து 1.8க்குத் தாவி மறுபடி 0.15க்கு வந்துச்சு. திரும்ப விடச் சொன்னேன், திரும்பத் தாவுச்சு. என் கார்ல பேட்டரி மைனஸ் கார் பாடில முடியும், கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பின்னல் பட்டை மட்டும்தான் இன்ஜினுக்கு எர்த். அதக் கழட்டிப் பாத்தா மேல பாக்க முழுசா இருந்துச்சு, லக்குக்குள்ள (போல்ட் போட முனைல இருக்கிற உலோக வளையம்) நுழையிற எடத்துல மட்டும் இழையெல்லாம் பச்சை பிடிச்சு ஒடைஞ்சு, ஏழெட்டு இழைதான் தொட்டுட்டு இருந்துச்சு. இன்ஜின் மவுண்ட் ரப்பர் ஒரு பக்கம் கிழிஞ்சிருந்ததால ஒவ்வொரு தடவை வண்டி கெளம்பும்போதும் இன்ஜின் தூக்கி அந்த இழைகள இழுத்திருக்கு, அந்த நொடில கரண்ட் போக வழி இல்லாம கிளட்ச் கேபிள் வழியாப் போயிருக்கு. கேபிளோட வெளி உறை ஒரு எடத்துல உருகி இருந்தத அப்பதான் பாத்தேன். சிக்னலுக்கு சிக்னல் ஒரு சின்ன அடி, அஞ்சு மாசத்துக்கு ஒரு டையோடு. நிறுத்தி வச்சு செக் பண்ண யாருக்கும் இது மாட்டாததுல ஆச்சரியமே இல்ல.

இதுக்காக பீஸே மட்டமா இருக்காதுன்னு சொல்ல வரல. ரீகண்டிஷன் பண்ணதுன்னு குடுக்கிறதுல போன பார்ட்ட மட்டும் மாத்தி, மத்த பழைய டையோடுகள அப்படியே விட்டு, பெயின்ட் அடிச்சுக் குடுக்கிறதும் இருக்கு. என் அனுபவத்துல மட்டமான பீஸ் முதல் சில வாரத்துலயே பல்லக் காட்டிடும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாப் போகும். ஏறக்குறைய ஒரே இடைவெளில ஒரே பார்ட் போனா கார் பக்கம்தான் பாக்கணும்.

மவுண்ட்டும் மாத்தி, பின்னல் பட்டைக்குப் பதிலா தடியான புது கேபிள் போட்டு, பெயின்ட்டச் சுரண்டி வெறும் இரும்பு தெரியிற வரைக்கும் தேச்சு இறுக்கி, பேட்டரிய சார்ஜர்ல நிறைச்சு, அப்புறம்தான் நாலாவத மாட்டினேன். அன்னைக்கே லோடு போட்டு அளந்து, பிளஸ் பக்கம் 0.12, எர்த் பக்கம் 0.08, பேட்டரில 14.1ன்னு எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் அளந்தப்ப எர்த் 0.11 காட்டுச்சு, லக்கக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு மறுபடி இறுக்கினேன், 0.08க்கே வந்துடுச்சு.